விலை கேட்ட பெண்மணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேஸ்பால் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் தேதியை ஒரு புண்ணிய தினமாகவே போற்றி எழுதுகிறார்கள். ஜாக்கி ராபின்ஸன் என்ற கறுப்பின இளைஞர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் உடுப்பை அணிந்து ஆட்டக்களத்தில் இறங்கியதும், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாமலே எல்லாச் சட்டங்களையும்விடக் கண்டிப்பாகக் காக்கப்பட்டுவந்த நிறத்தடை தகர்ந்ததும் அந்த நாளில்தான். அதைச் சாதித்த டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கியின் கீர்த்தி அன்று முதல் இன்றுவரை மங்கவில்லை; மங்கவேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தத் தர்ம காரியத்தின் கணக்கில் செலுத்தாமல் விடப்பட்ட ஒரு தொகை இருக்கிறது. அதை உரக்கக் கேட்டவர், கேட்டதற்காகப் பேராசைக்காரி என்றும் இனத்தின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவர் என்றும் பழி சுமந்தவர், நியூவார்க் ஈகிள்ஸ் அணியின் நிர்வாகி எஃபா மான்லி என்ற பெண்மணி. அவர் கேட்டது முற்றிலும் நியாயம் என்பதும், அந்தக் கோரிக்கைக்கு இன்னும் முழுமையான பதில் கிடைக்கவில்லை என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

பேஸ்பால் ஆட்டம் நம் வாசகர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாததால் ஒரு விஷயத்தை முதலில் விளக்கிவிட வேண்டும். வெள்ளையரின் பெரிய லீகுகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்கள் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டு ரூப் ஃபாஸ்டர் என்ற ஆட்டக்காரரின் முயற்சியால் கான்ஸாஸ் சிட்டி நகரத்தில் கூடிய அணி உரிமையாளர்கள் நீக்ரோ நேஷனல் லீக் என்ற பெயரில் தங்களுக்கென்று ஒரு ஸ்தாபனத்தை உண்டாக்கினார்கள். பொருளாதாரச் சீர்குலைவில் அது விழுந்தபோது, 1933இல் பிட்ஸ்பர்க் நகரத்து கஸ் கிரீன்லீ அதே பெயரில் மற்றொன்றைத் தொடங்கினார். இவற்றில் ஆடியவர்கள் பகலில் ஆடி, இரவில் பஸ்ஸில் உறங்கி, தங்கும் விடுதிகளும் உணவகங்களும் கதவைச் சாத்திய ஊர்களின் வழியாக ஆயிரக்கணக்கான மைல்கள் பிரயாணம் செய்து, சில சமயம் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்களும் ஆடி ஜீவனம் நடத்தினார்கள். வங்கிகள் கடன் கொடுக்க மறுத்த காலத்தில் இந்த அணிகளுக்கு முதலீடு செய்தவர்களில் பலர், கறுப்பின மக்கள் வாழ்ந்த பேட்டைகளில் ரகசியமாக நடந்துவந்த எண் சூதாட்டத்தில் பணம் திரட்டியவர்கள். கிரீன்லீயும் அப்படிப்பட்டவர், எஃபாவின் கணவர் ஏப் மான்லியும் அப்படிப்பட்டவர். இதை நான் மறைக்கவில்லை. இதையே பிற்காலத்தில் ரிக்கி தம் வாதத்துக்கு ஆதாரமாக்கிக்கொண்டார் என்பதால் இதை இங்கே சொல்லிவைப்பது அவசியமும் ஆகிறது.

எஃபா 1897இல் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் பிறந்தார். தாயார் தையல் தொழில் செய்தவர். வளர்ப்புத் தந்தையாரும் உடன் வளர்ந்த பிள்ளைகளும் கறுப்பினத்தவர்கள். தம்மைப் பெற்றவர்கள் இருவருமே வெள்ளையர்கள் என்று எஃபா பின்னாளில் சொன்னது குறித்து ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதப் பிரதிவாதம் நடக்கிறது. ஆனால் வெள்ளைப் பெண்மணியாக வாழ்ந்து அதன் சௌகரியங்களை அனுபவிக்கத் தக்க தோற்றம் வாய்த்திருந்தும், அவர் கறுப்பின சமூகத்திலேயே வாழ்ந்து, அதன் சுகதுக்கங்களையே தம்முடையனவாகக் கொண்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நியூயார்க்கில் பெண்களுக்கான தொப்பிகள் செய்யும் தொழிலில் இருந்தவர், 1934இல் ஹார்லெம் பகுதியில் 125ஆம் தெருவில் இருந்த புளூம்ஸ்டைன் என்ற பெரிய கடைக்கு முன்னால் நடந்த மறியலை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவராக விளங்கினார். வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்களாயிருந்தும், அவர்களில் ஒரு பெண்ணைக்கூட விற்பனைப் பணியில் அமர்த்த மறுத்த அந்தக் கடை, வாரக்கணக்கில் நடந்த மறியலுக்குப் பிறகு இறங்கிவந்தது. கொடுக்கல் வாங்கலில் சமத்துவம் இல்லாத இடத்தில் மரியாதையும் இராது என்பதை அந்தத் தெருவிலேயே அவர் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். பேஸ்பால் உலகத்தில் பின்னர் அவர் செய்த ஒவ்வொரு காரியத்திலும் அந்த மறியலின் தர்க்கமே காணப்படுகிறது.

மறு ஆண்டில் மான்லி தம்பதிகள் புரூக்ளின் ஈகிள்ஸ் என்ற அணியைத் தொடங்கினார்கள். 1935 மே மாதத்தில் நடந்த முதல் ஆட்டத்துக்கு நியூயார்க் மேயர் லாகார்டியாவே வந்து முதல் பந்தை எறிந்து துவக்கிவைத்தார். அன்று ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் 21க்கு 7 என்ற கணக்கில் ஈகிள்ஸ் படுதோல்வி அடைந்தது. அந்த ஆட்டம் நடந்த மைதானத்தின் பெயர் எபெட்ஸ் ஃபீல்ட்; அது டாட்ஜர்ஸ் அணியின் சொந்த மைதானம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ராபின்ஸன் இறங்கியதாக உலகம் கொண்டாடும் அதே புல்தரையில் கறுப்பின வீரர்கள் வாடகை கொடுத்து முன்பே ஆடியிருந்தார்கள். 1936இல் அணி நியூஜெர்ஸி மாகாணத்து நியூவார்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்களுக்குக் கிடைத்த ரூப்பர்ட் ஸ்டேடியம் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குச் சொந்தமானது. யாங்கீஸின் கிளை அணியாகிய நியூவார்க் பேர்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் மட்டும் வாடகை கொடுத்து ஆடலாம். ஆக, எந்தப் பெரிய லீகுகள் பிற்காலத்தில் கறுப்பின அணிகளின் ஒப்பந்தங்களை ஒப்பந்தங்களாகவே ஏற்க மறுத்தனவோ, அதே லீகுகளின் முதலாளிகள் அந்த அணிகளோடு மைதான ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டுதோறும் தவறாமல் பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாடகை வசூலிப்பதற்குத் தகுதியுள்ளதாகத் தோன்றிய ஸ்தாபனம், விலை கொடுப்பதற்கு மட்டும் தகுதியற்றதாகிவிட்டது எப்படி என்ற கேள்விக்கு இதுவரை எவரும் நேரான விடை சொன்னதில்லை.

ஏப் மான்லி ஆட்டத்தில் ஆழ்ந்த ரசிகர். வீரர்களைக் கண்டெடுப்பதில் அவருக்கு இருந்த கண் அபூர்வமானது. ஆனால் காகிதமும் கணக்கும் அவருக்கு ஒத்துவராத விஷயங்கள். அணியை ஓர் அணியாக நடத்தியது எஃபாவே. ஆட்ட அட்டவணை வகுத்தல், சம்பளப் பட்டியல், ஒப்பந்தக் கடிதங்கள், பிரயாண ஏற்பாடு, பந்தும் மட்டையும் வாங்குதல், பத்திரிகை விளம்பரம், லீக் கூட்டங்களில் வழக்காடுதல் என்று இன்றைக்குப் பத்து அதிகாரிகள் பிரித்துக்கொண்டு செய்யும் உத்தியோகங்கள் அனைத்தையும் அவர் ஒருவரே நிர்வகித்தார். அந்த அணியின் கடிதங்களும் கணக்குகளும் நியூவார்க் பொது நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. முன்பணம் கேட்கும் வீரர்கள், பாக்கி வைத்திருக்கும் மைதானக்காரர்கள், தேதி மாற்றும் எதிரணியினர் என்று ஒவ்வொருவரோடும் ஒரு பெண் தனியாக நின்று போராடிய கதையை அவற்றில் காணலாம்.

வெள்ளைத் தரகர்கள் யாங்கீ ஸ்டேடியத்தில் நடக்கும் கறுப்பின ஆட்டங்களின் வசூலில் பத்தில் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்வதை லீக் கூட்டத்தில் எழுந்து எதிர்த்தவர் அவர்தான். நடுவே ஒரு பெண் வந்து தங்களுக்குப் புத்தி சொல்வதா என்று முகம் சுளித்த ஆண்களும் அந்தச் சபைகளில் இருந்தார்கள். அவர் பேச்சை நிறுத்தவில்லை. 1939இல் ரூப்பர்ட் ஸ்டேடியத்தில் கும்பல் கொலைகளைக் கண்டிக்கும் தினம் ஒன்றை நடத்தி, ரசிகர்களுக்கு இடம் காட்டும் பெண்களின் தோளில் கண்டனக் கோஷம் எழுதிய பட்டைகளை அணிவித்து, பேஸ்பால் பார்க்க வந்த ஜனங்களிடம் நிதி திரட்டிக் கொடுத்தார். வண்ண இனத்தவர் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் நியூவார்க் கிளைக்கு அவர் பொக்கிஷதாராகவும் இருந்தார். அவருக்கு அணி நிர்வாகமும் பொதுத் தொண்டும் ஒரே காரியத்தின் இரண்டு கைகள்.

அவருடைய நிர்வாகத்தின் பலன் 1946ஆம் ஆண்டு கைகூடியது. யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களோடு களமிறங்கிய ஈகிள்ஸ் அணியில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே லியான் டே எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காமல் பந்தெறிந்தார். மான்டி இர்வினும் லாரி டோபியும் மட்டையைச் சுழற்றினார்கள். பிஸ் மக்கி பயிற்சியாளராக இருந்து வழிநடத்தினார். நால்வரும் இன்று கூப்பர்ஸ்டவுன் நகரத்துப் பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள். உலகப் பிரசித்தி பெற்ற சாட்செல் பேஜ் ஆடிய கான்ஸாஸ் சிட்டி மானர்க்ஸ் அணியை ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் நான்குக்கு மூன்று என்று வென்று, நீக்ரோ உலகத் தொடர் பட்டத்தை நியூவார்க் பெற்றது. அந்த ஆண்டில் அவர்களுடைய மைதானத்துக்கு வந்த ரசிகர்கள் சுமார் 1,20,000 பேர். பெண்ணொருத்தி நிர்வகித்த அணி பெற்ற வெற்றி அது. வெள்ளையரின் பெரிய லீகுகள் தங்கள் அணி ஒன்றின் பொது நிர்வாகி பதவியில் ஒரு பெண்மணியை முதன்முதலாக அமர்த்தியது அதற்கு எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2020இல் மயாமி மார்லின்ஸ் அணிக்குக் கிம் ஆங் நியமிக்கப்பட்டபோதுதான்.

அந்தச் சிகரத்திலிருந்து சரிவு உடனே ஆரம்பமாயிற்று. 1945இல் ராபின்ஸனை ஒப்பந்தம் செய்தபோது, அவர் அந்த ஆண்டில் ஆடியிருந்த மானர்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு காசும் தரவில்லை. மானர்க்ஸ் உரிமையாளர்கள் முதலில் ஆட்சேபித்தார்கள். பிறகு, ஒரு கறுப்பின இளைஞனின் வாய்ப்பைக் கெடுத்தார்கள் என்ற பெயர் வரும் என்று பயந்து வாய் மூடிக்கொண்டார்கள். அடுத்தபடியாக ஈகிள்ஸின் பந்தெறிபவர் டான் நியூகோம்பை ரிக்கி எடுத்துக்கொண்டார். அதற்கும் விலை இல்லை. நியூகோம்ப் 1949இல் அந்த ஆண்டின் தலைசிறந்த புதுமுக வீரராகவும், 1956இல் பெரிய லீகுகளில் ஒன்றாகிய நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும், அதே ஆண்டில் சிறந்த பந்தெறிபவருக்கென்று முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட சை யங் பரிசைப் பெற்றவராகவும் விளங்கினார். அவரைக் கண்டுபிடித்து வளர்த்த நியூவார்க்குக்கு அதில் கிடைத்தது பெருமை மாத்திரமே. வறண்ட நிலத்தில் கிணறு வெட்டி, கவலை இறைத்து, இரவும் பகலும் காவல் காத்து ஒருவர் வளர்த்த தோப்பிலே, காய் முற்றிய பருவத்தில் மற்றொருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து, மரங்களுக்கு விடுதலை கொடுக்கவே வந்ததாகச் சொல்லிக்கொண்டு அறுவடை செய்துபோனதற்கு ஒப்பானது அது.

ரிக்கி சொன்ன சமாதானம் இதுதான்: நீக்ரோ லீகுகள் ஒழுங்கான லீகுகளே அல்ல, அவற்றின் ஒப்பந்தங்கள் பலவீனமானவை, உரிமையாளர்கள் சூதாட்டக்காரர்கள். இவற்றில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒப்பந்தம் முறிவது அங்கே சகஜமாகத்தான் இருந்தது. எஃபாவே 1938இல் சாட்செல் பேஜின் ஒப்பந்தத்தை 5,000 டாலருக்கு வாங்கினார். பேஜோ நியூவார்க்குக்கு வராமல் மெக்ஸிகோவுக்குப் போய்விட்டார். பிற்பாடு மெக்ஸிகோ லீகின் முதலாளிகள் அதிகச் சம்பளம் காட்டி ரே டான்ட்ரிட்ஜையும் வில்லி வெல்ஸையும் இர்வினையும்கூட அழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தை மதிக்கச் செய்ய வேண்டும் என்று அந்த லீகில் எல்லோரையும்விட அதிகமாகப் பிரயத்தனப்பட்டவரிடமே வந்து, உங்கள் லீகில் ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை என்று காரணம் காட்டி, அவருடைய ஆட்டக்காரரை இனாமாகக் கொண்டுபோவது எந்த நீதியில் சேரும்? அதுவும் யார் சொல்வது? செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இருந்த காலத்தில் சிறிய ஊர்களின் அணிகளைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான இளைஞர்களை ஒப்பந்தத்தால் கட்டிவைத்து, நாற்றங்கால் முறை என்று சொல்லத்தக்க ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்து, ஒப்பந்தத்தின் மதிப்பு இன்னது என்று பேஸ்பால் உலகத்துக்கே பாடம் கற்பித்தவர் ரிக்கி. ஒப்பந்தம் என்றால் என்ன என்று தெரியாதவர் அவர் அல்லர்.

ரிக்கியைப் போலல்லாமல் வேறு வழியில் நடந்தவரும் இருந்தார் என்பதை இங்கே சொல்லாமலிருந்தால் நான் அநியாயம் செய்தவனாவேன். கிளீவ்லாண்ட் இண்டியன்ஸ் அணியின் உரிமையாளர் பில் வீக், 1947இல் லாரி டோபியை விரும்பியபோது, எஃபாவைத் தாமே தொடர்புகொண்டு 10,000 டாலர் தருவதாகச் சொன்னார். இதே திறமையுள்ள வெள்ளை வீரனாயிருந்தால் 1,00,000 டாலர் கொடுப்பீர்களே என்று தாம் பதில் சொன்னதாக எஃபா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனாலும் டோபியின் பாதையில் நிற்க அவருக்கு மனமில்லை. டோபி அணியில் நிலைத்தால் மேலும் 5,000 டாலர் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். மொத்தம் 15,000 டாலர். ஜூலை 5ஆம் தேதி, மற்றொரு பெரிய லீகாகிய அமெரிக்கன் லீகில் ஆடிய முதல் கறுப்பின வீரராக டோபி களத்தில் இறங்கினார். விலை கேட்டதால் கதவு அடைபட்டுவிடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா? விலையும் கிடைத்தது, கதவும் திறந்தது.

மான்டி இர்வின் விஷயத்தில் எஃபாவின் உறுதி இன்னும் பிரகாசமாக வெளிப்பட்டது. ரிக்கி வழக்கம்போல் விலையில்லாமல் இர்வினை ஒப்பந்தம் செய்துகொள்ள, எஃபா வக்கீல் வைத்து எதிர்த்தார். வழக்குக்குப் போக விரும்பாத ரிக்கி இர்வினை விட்டுவிட்டார். பின்னர் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி 5,000 டாலர் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. சொற்பத் தொகைதான். இர்வினைப் போன்ற ஆட்டக்காரருக்கு அது ஈடே ஆகாது. ஆனால் அந்தச் சொற்பத் தொகையால் ஒரு வழக்கம் நிலைபெற்றது: 1950இல் வில்லி மேஸை அதே ஜயண்ட்ஸ் அணி பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணிக்குப் பணம் கொடுத்தே பெற்றுக்கொண்டது.

அதற்குள் நியூவார்க்கின் கதை முடிந்துவிட்டது. ரசிகர்கள் ராபின்ஸனைப் பார்க்கப் புரூக்ளினுக்கு ரயிலேறினார்கள். அவர்களைக் குறைசொல்ல யாருக்கு வாய் வரும்? ஈகிள்ஸ் ஆட்டங்களுக்கு வந்தவர்களின் தொகை 1947இல் சுமார் 57,000 ஆகவும், 1948இல் 35,000 ஆகவும் குறைந்தது. அந்தப் பருவத்தோடு அணி விற்கப்பட்டு ஹூஸ்டனுக்குப் போயிற்று. நீக்ரோ நேஷனல் லீகும் கலைந்தது. வீரர்களில் ஒரு சிலருக்குப் பெரிய லீகுகளில் இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கும், கறுப்பின நிர்வாகிகளுக்கும், கணக்கர்களுக்கும், பஸ் ஓட்டுநர்களுக்கும், டிக்கெட் விற்றவர்களுக்கும் எந்தக் கதவும் திறக்கவில்லை. சேர்ந்துகொள்வது என்ற பெயரில் நடந்ததில் ஒரு தரப்பு மட்டும் தன் ஸ்தாபனத்தை முழுமையாக இழந்தது. இந்த அம்சத்தை எஃபா அப்போதே கண்டு சொன்னார் என்பதே அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகமாகக் கவர்ந்த விஷயம். நிறத்தடை போகவேண்டும் என்பதற்காக அவர் மறியல் செய்தவர். அது போகும்போது, அந்தத் தடையின் நிழலில் கறுப்பின மக்கள் தங்கள் உழைப்பால் உண்டாக்கிய சொத்தும் சேர்ந்து போகவேண்டுமென்ற கட்டாயம் ஏது என்றுதான் அவர் கேட்டார்.

1948இல் ராபின்ஸன் ஒரு மாதப் பத்திரிகையில், நீக்ரோ லீகுகளின் பிரயாண வசதிக் குறைவையும் நிர்வாகக் கோளாறுகளையும் கடுமையாகக் கண்டித்து எழுதினார். எஃபா மற்றொரு பத்திரிகையில் பதில் எழுதினார்; அந்த லீகுகள் இல்லாவிட்டால் ராபின்ஸன் எங்கே இருந்திருப்பார் என்ற வினாவே அந்தப் பதிலின் சாரம். ராபின்ஸன் பட்ட கஷ்டம் மெய். கறுப்பின அணிகளை விடுதிகளில் ஏற்காத தேசத்தில் அந்தக் கஷ்டத்துக்கு அணி உரிமையாளர்களை மட்டும் பொறுப்பாக்கியது சரியல்ல. இருவரில் எஃபாவின் பக்கமே நியாயம் கூடுதலாக இருந்தது என்று நான் கருதுகிறேன்.

கணவர் 1952இல் காலமான பிறகு எஃபா லாஸ் ஏஞ்சலிஸில் வசித்தார். 1976இல் நீக்ரோ பேஸ்பாலைப் பற்றி ஒரு புத்தகத்தை மற்றொருவரோடு சேர்ந்து வெளியிட்டு, மறக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்குக் கீர்த்தி மண்டபத்தில் இடம் வேண்டும் என்று ஓயாமல் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். தமக்கு இடம் கேட்கவில்லை. 1981இல் மறைந்தார். 2006இல் கறுப்பின பேஸ்பாலைச் சேர்ந்த பதினேழு பேரை விசேஷக் குழு ஒன்று தேர்ந்தெடுத்தபோது அவர் பெயரும் அதில் இருந்தது. அந்த மண்டபத்தில் சேர்க்கப்பட்ட பெண்மணி இன்றுவரை அவர் ஒருவரே.

பெரிய லீகுகளின் நிர்வாகம் 1997இல் பழைய நீக்ரோ லீக் வீரர்கள் சிலருக்கு ஆண்டுத் தொகை தர முன்வந்தது. 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீகுகள் பெரிய லீகுகளே என்று அறிவித்தது. 2024இல் அவற்றின் புள்ளிவிவரங்களைத் தன் அதிகாரபூர்வமான ஏடுகளில் சேர்த்துக்கொண்டது; மட்டை வீச்சுச் சராசரியில் டை காப் வகித்துவந்த முதலிடம் ஜாஷ் கிப்ஸனுக்கு வந்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் அந்த அறிவிப்பைச் செய்தவர்கள் அதன் விளைவையும் ஏற்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அவை பெரிய லீகுகளே என்றால், அவற்றின் ஒப்பந்தங்களும் பெரிய லீக் ஒப்பந்தங்களே. அப்படியானால் ராபின்ஸனுக்கும் நியூகோம்புக்கும், பால்டிமோர் எலைட் ஜயண்ட்ஸிலிருந்து விலையில்லாமல் போன ராய் காம்பனெல்லாவுக்கும் உரிய தொகை இன்றும் பாக்கி நிற்கிறது. வாங்கிக்கொள்ள அந்த அணிகள் இன்று இல்லை என்பது சாக்காகாது. நியூவார்க்கிலும் கான்ஸாஸ் சிட்டியிலும் பால்டிமோரிலும் கறுப்பினப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடவும், ஆட்டத்தின் நிர்வாகத்தைக் கற்கவும் அந்தத் தொகையைக் கொண்டு நிதிகள் அமைத்து, இது தானமாக இல்லாமல் கடனாகவே செலுத்தப்படுகிறது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். எஃபா மான்லி கேட்டது அதைத்தான். பெரிய லீகுகள் அதை இனியும் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும்.